கசப்புக் காளான்: தென்னையின் தூரில் கண்டால் கவனம் தேவை

கோடை மழை இரண்டு உழவு பெய்து, மேல்காற்றும் வீசத் தொடங்கிவிட்டால் கல்வராயன் மலையில் காளான் காலம் வந்துவிட்டது என்று பொருள். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கங்களில் விடியற்காலையிலேயே கூடையுடன் காட்டோரம் போகிறவர்களைப் பார்க்கலாம். கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் கிடைத்துவிட்டால் அன்று வீட்டில் வேறு குழம்பு வேண்டியதில்லை.

அதே காட்டில், அதே மழைக்குப் பிறகு, யாரும் கூடையில் போடாத காளான் ஒன்றும் முளைக்கிறது. பட்டுப்போன மரத்தின் தூரிலும், வெட்டிவிட்ட அடிக்கட்டையிலும் விசிறி போல விரிந்து, வார்னிஷ் பூசிய பலகை போலப் பளபளக்கும். கையால் பிட்டுப் பார்த்தால் பிட முடியாது. வேப்பம்பட்டையைப் போலக் கசக்கும். விஞ்ஞானிகள் இதைக் ‘கானோடெர்மா’ என்று அழைக்கிறார்கள். நம் வசதிக்காகக் கசப்புக் காளான் என்றே இங்கு சொல்லலாம்.

‘தின்ன முடியாத காளானைப் பற்றி விவசாயிக்கு என்ன கவலை?’ என்று கேட்கலாம். கவலைப்பட வேண்டிய காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கோமுகி அணைக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். ஒரு விவசாயி மஞ்சள் பையில் இரண்டு காளான்களைக் கொண்டுவந்து காட்டினார். “ஐயா, இதை மருந்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்களாமே, எங்கே கொண்டுபோய் விற்கலாம்?” என்று கேட்டார். “எந்த மரத்தடியில் எடுத்தீர்கள்?” என்று கேட்டேன். “தென்னந்தோப்பில்தான், மூன்று மரத்தடியில் முளைத்திருக்கிறது” என்றார். நேரே தோப்புக்குப் போனோம். மூன்று மரங்களும் காப்பாற்றும் நிலையைத் தாண்டிவிட்டன. அதே வரிசையில் இன்னும் நான்கு மரங்களின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்துகொண்டிருந்தது. வருமானம் என்று அவர் பையில் போட்டுவந்தது, நஷ்டம் வந்துவிட்டதற்கான அடையாளம்.

அடையாளம் காண்பது எப்படி?

காளானின் மேற்பரப்பு செம்பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறமாக, பளபளப்பாக இருக்கும். வளரும் பருவத்தில் ஓரம் மட்டும் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெரியும். சிலவற்றிற்குப் பக்கவாட்டில் குட்டையான காம்பு உண்டு. சில காம்பில்லாமல் மரத்தோடு ஒட்டித் தட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும். முற்றினால் கட்டை போலக் கெட்டியாகிவிடும்.

காளானைத் திருப்பிப் பாருங்கள். புற்றுக்காளானின் அடியில் புத்தகத் தாள்களை அடுக்கியது போல மெல்லிய இதழ்கள் இருக்கும். கசப்புக் காளானின் அடியில் இதழ்கள் கிடையா. ஊசி முனை அளவுள்ள நுண்ணிய துளைகள்தாம் இருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைப் பரப்பில் பழுப்புக் கோடு விழும். முற்றிய காளானின் மேலும், பக்கத்திலுள்ள இலைகளின் மேலும் பழுப்பு நிறத் தூள் படிந்திருக்கும். இந்தத் தூள்தான் அதன் வித்து.

இந்த வித்து எவ்வளவு உண்டாகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இதே இனத்தைச் சேர்ந்த பெரிய தட்டுக் காளான் ஒன்றை வைத்து நூறாண்டுகளுக்கு முன் கனடாவில் கணக்குப் பார்த்தார்கள். ஒரு காளான் ஒரு நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்ப்பதாகத் தெரியவந்தது. இவற்றில் பிழைப்பது மிக மிகச் சொற்பம். ஆனாலும் ஒரு காளானைப் பறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்தும்.

கசப்பு எதனால்?

இந்தக் கசப்புக்குக் காரணம் ‘டிரைடெர்பீன்’ வகையைச் சேர்ந்த பொருள்கள். இவற்றில் ‘கானோடெரிக் அமிலம்’ என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1982-ல் வெளியிட்டனர். சீனாவிலும் ஜப்பானிலும் இந்தக் காளான் ‘லிங்சி’, ‘ரீஷி’ என்ற பெயர்களில் நெடுங்காலமாக மருந்தாக வழங்கி வருகிறது. இப்போது நம் ஊரிலும் தூளாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக இதைக் கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்பதே, நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த மருத்துவ நிபுணர்களின் முடிவு. மருந்துக்காகப் பயிரிடும் காளான் குறிப்பிட்ட இனத்தைச் சேர்ந்தது. மரத்தூள் பைகளிலும் மரக்கட்டைகளிலும் சுத்தமான சூழ்நிலையில் வளர்க்கப்படுவது. நோயுற்ற தென்னையின் தூரில் முளைத்ததை இடித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது முற்றிலும் வேறு. அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ‘கசந்தால் விஷம், கசக்காவிட்டால் நல்ல காளான்’ என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஐரோப்பியக் காடுகளில் பித்தம் போலக் கசக்கும் காளான் ஒன்று உண்டு. ஒரே ஒரு துண்டு விழுந்தாலும் சட்டிக் குழம்பும் வீணாகும். ஆனால் உயிரைக் கொல்லும் விஷம் அதில் இல்லை. மாறாக, ஆளைக் கொல்லும் காளான்களில் சில நாக்குக்கு ருசியாகவே இருக்கும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் 6 மணி நேரத்திற்குப் பிறகே தொடங்கும். அதற்குள் விஷம் ஈரலைத் தாக்கத் தொடங்கிவிடும். அசாம் மாநிலத்தில் 2022 ஏப்ரல் மாதம் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டு 13 பேர் உயிரிழந்தனர். எனவே ருசி பார்த்துக் காளானைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தலைமுறையாக உங்கள் குடும்பத்தார் பறித்துச் சாப்பிட்டு, நன்றாக அடையாளம் தெரிந்த காளானைத் தவிர வேறு எதையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

காட்டில் நண்பன், தோப்பில் எதிரி

காட்டில் இந்தக் காளான் பயனுள்ள வேலையைச் செய்கிறது. மரத்திற்கு உறுதி தரும் ‘லிக்னின்’ என்ற பொருளைக் கரைக்கும் சக்தி எல்லா நுண்ணுயிர்களுக்கும் கிடையாது. கசப்புக் காளானின் பூசணத்திற்கு அது உண்டு. செத்த மரத்தையும் அடிக்கட்டையையும் மக்கவைத்து மண்ணோடு சேர்ப்பது இதன் தொழில். இத்தகைய பூசணங்கள் இல்லாவிட்டால் காடு முழுவதும் விழுந்த மரங்கள் மக்காமல் குவிந்து கிடக்கும்.

நாம் கண்ணால் காணும் காளான், இந்தப் பூசணத்தின் காய் போன்றது. அதன் உடல் முழுவதும் நூல் நூலாக மரத்திற்குள்ளும் வேருக்குள்ளும் மறைந்திருக்கிறது. மாமரத்தின் காயைப் பறித்துவிட்டால் மரம் போய்விடுவதில்லை. அதுபோலக் காளானைப் பறித்துவிட்டால் மட்டும் பூசணம் ஒழிந்துவிடாது. காயைக் கண்டால் மரம் முற்றிவிட்டது என்று அறிகிறோம் அல்லவா? அப்படியே, காளான் வெளியே வந்துவிட்டது என்றால் பூசணம் உள்ளே வேரூன்றிப் பல காலம் ஆகிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

செத்த கட்டையோடு இந்தப் பூசணம் நின்றுவிடுவதில்லை. வறட்சியாலும், வேர் காயத்தாலும், உரக் குறைவாலும் நலிந்த உயிருள்ள மரத்தின் வேரிலும் நுழைந்துவிடும். புளி, புங்கு, வாகை, கருவேல் முதலிய பல மரங்கள் இதற்கு ஆளாகின்றன. காட்டு மரத்தில் காணும் கானோடெர்மா எல்லாம் தென்னையைத் தாக்கும் இனம் அல்ல. ஆயினும் வெளித்தோற்றத்தை வைத்து இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஆகையால் தோப்புக்குள்ளும் தோப்பின் ஓரத்திலும் முளைக்கும் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதே பாதுகாப்பு.

தென்னையில் இது உண்டாக்கும் நோய்க்குத் தமிழ்நாட்டில் ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்று பெயர். 1952-ல் புயல் அடித்த பிறகு தஞ்சாவூர் மாவட்டத்துத் தோப்புகளில் இது பெருமளவில் தென்பட்டதால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அடித்தண்டழுகல் நோய் என்றும் சொல்வார்கள். பெயரில் தஞ்சாவூர் இருப்பதால் நம் பக்கம் வராது என்று நினைக்கக் கூடாது. மணற்பாங்கான நிலத்திலும் செம்மண் நிலத்திலும், பாசனம் குறைந்த தோப்புகளிலும் இது அதிகம் காணப்படும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரங்களில் மலையடிவாரச் செம்மண்ணில் கிணற்றை நம்பித் தென்னை வைத்திருப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

காளான் வருமுன் தெரியும் அறிகுறிகள்

பெரும்பாலும் 10 முதல் 30 வயது வரையுள்ள, நன்றாகக் காய்க்கும் மரங்களையே இந்நோய் தாக்குகிறது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை தீவிரம் அதிகம். அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், தரையை ஒட்டிய அடித்தண்டில் சிறு வெடிப்புகள் தோன்றி, செம்பழுப்பு நிறச் சாறு கசியும். நாளாக நாளாக இந்தக் கசிவு மேல்நோக்கி ஏறும். கசிவுள்ள இடத்தைச் செதுக்கிப் பார்த்தால் உட்பகுதி பழுப்பாகி அழுகியிருக்கும்.

இரண்டாவதாக, மண்ணைப் பறித்துப் பார்த்தால் வேர்கள் நிறம் மாறி அழுகியிருக்கும். புதுவேர் குறைந்திருக்கும்.

மூன்றாவதாக, அடிமட்டைகள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, உதிராமல் தண்டைச் சுற்றித் தொங்கும். குரும்பைகள் கொட்டும். புதிதாக வரும் மட்டைகள் சிறுத்துக் கொண்டை மெலியும்.

கடைசியாக, மரம் சாகும் தறுவாயிலோ செத்த பிறகோ தூரில் கசப்புக் காளான் முளைக்கும். ஆகவே காளானைக் கண்டபின் வைத்தியம் தேடுவது, வெள்ளம் தலைக்கு மேல் போனபின் கரை தேடுவது போன்றது.

சாறு வடியும் மரம் எல்லாம் இந்நோய் தாக்கியது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. தரையை ஒட்டாமல் தண்டின் நடுவிலும் சாறு வடிந்து, வேர் நன்றாக இருந்தால் அது வேறொரு பூசணத்தால் வரும் சாறு வடிதல் நோயாக இருக்கலாம். ஓட்டையும், மென்று துப்பிய நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டாக இருக்கும். வேரைத் தோண்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

செய்ய வேண்டியவை

செத்த மரத்தையும், காளான் முளைத்துவிட்ட மரத்தையும் அடிக்கட்டையோடும் வேரோடும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். மரத்தை மட்டும் அறுத்து விற்றுவிட்டுத் தூரை மண்ணில் விடுவது பெருந்தவறு. அந்தத் தூர்தான் பூசணத்தின் களஞ்சியம். காளான்களை ஒரு பையில் சேகரித்து எரித்துவிடுங்கள். எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறியக் கூடாது.

நோயுற்ற மரத்தைச் சுற்றி, தண்டிலிருந்து சுமார் 5 அடி தள்ளி, 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள பள்ளம் எடுக்க வேண்டும். பக்கத்து மரத்தின் வேரோடு வேர் தொடாமல் இது தடுக்கும்.

ஒரு மரத்திற்குப் பாய்ச்சிய தண்ணீர் அடுத்த மரத்திற்கு ஓடும்படி விடாதீர்கள். ஒவ்வொரு மரத்திற்கும் தனி வட்டப்பாத்தி அமைத்துப் பாய்ச்ச வேண்டும். தூரை ஒட்டி ஆழமாக உழுது வேரைக் காயப்படுத்தவும் கூடாது.

ஆரம்ப நிலையிலுள்ள மரங்களுக்கு 1 சதவீத போர்டோ கலவையை மரத்திற்கு 40 லிட்டர் வீதம், தண்டைச் சுற்றி 5 முதல் 6 அடி வரை மண் நன்றாக நனையும்படி ஊற்ற வேண்டும். 40 லிட்டர் தயாரிக்க மயில்துத்தம் 400 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 400 கிராம் தேவை. இரண்டையும் தனித்தனியே 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு ஆகாது. கலவையில் ஒரு பளபளப்பான கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இத்துடன் வேர் மூலம் மருந்து செலுத்துவதும் நல்ல பலன் தரும். ஹெக்சகோனசோல் மருந்து 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து ஒரு பாலிதீன் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பறித்து, பென்சில் கனமுள்ள உயிருள்ள வேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டி, மருந்தில் மூழ்கும்படி வைத்துக் கட்டிவிட வேண்டும். ஒரு நாளில் மருந்தை வேர் உறிஞ்சிவிடும். உறிஞ்சாவிட்டால் வேறு வேரில் கட்டுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். செலுத்துவதற்கு முன் முற்றிய காய்களை வெட்டிவிடுங்கள். பிறகு 45 நாட்களுக்குத் தேங்காயோ இளநீரோ பறிக்கக் கூடாது. இந்நோய்க்கு முன்பு பரிந்துரைக்கப்பட்ட டிரைடிமார்ப் என்ற மருந்து 2018-ம் ஆண்டு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய கையேட்டைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டாம்.

வருமுன் காப்பது

நோய் இல்லாத மரங்களுக்குச் செலவு குறைந்த வழி இருக்கிறது. ஆண்டுதோறும் மரம் ஒன்றுக்குத் தொழு உரம் 50 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ இட வேண்டும். தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா 200 கிராம், சூடோமோனாஸ் 200 கிராம் கலந்து இட்டால், இந்த நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பூசணத்தோடு போட்டியிட்டு அதை அடக்கும். போர்டோ கலவை ஊற்றிய சூட்டோடு இவற்றை இடக் கூடாது. கலவை இவற்றையும் கொன்றுவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் வாழையை ஊடுபயிராக வைப்பதும், சணப்பை, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்து மடக்கி உழுவதும் நோயைக் குறைக்கும்.

புதிதாகத் தோப்பு வைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய மரங்களை வெட்டிய நிலத்தில், அடிக்கட்டைகளையும் தடித்த வேர்களையும் தோண்டி அப்புறப்படுத்தாமல் கன்று வைக்காதீர்கள். கட்டை எடுக்கும் கூலி அதிகம் என்று இன்று தோன்றும். ஆனால் நெட்டைத் தென்னை பலனுக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். வந்தபின் 60 ஆண்டுகளுக்கு மேல் காய்க்கும். அந்த மரம் பதினைந்தாம் வயதில் பட்டுப்போனால் அந்த இடத்தில் மீண்டும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒரு ஏக்கருக்குள் தோப்பு வைத்திருப்பவருக்கு நான்கு மரம் போவதும் சிறிய நஷ்டம் அல்ல.

மலைமேல் வசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டோரத்துப் புளியமரத்தின் தூரிலோ பலாமரத்தின் தூரிலோ இந்தக் காளான் முளைத்திருந்தால், மேலே தழை பசுமையாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அடிவேர் இற்றுப்போயிருக்கக் கூடும். பலத்த காற்றில் மரம் சாயலாம். அதன் அடியில் மாடு கட்டுவதையும் குடிசை போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

காளானில் வருமானம் காண விரும்புவோர் காட்டை நாட வேண்டியதில்லை. சிப்பிக் காளானையும், நம் வெப்பத்திற்கு ஏற்ற பால் காளானையும் வைக்கோலைக் கொண்டே குடிசையில் வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கான ரகங்களையும் பயிற்சியையும் அளித்து வருகிறது.

முன்பு சொன்ன விவசாயி, அந்த மூன்று மரங்களையும் வேரோடு எடுத்து எரித்தார். சாறு வடிந்த நான்கில் இரண்டு பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் இன்று காய்த்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த வரிசைக்கு நோய் போகவில்லை. இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை தோப்பைச் சுற்றி வரும்போது மேலே குலையை மட்டும் பார்ப்பதில்லை, குனிந்து தூரையும் பார்க்கிறேன் என்று சொல்கிறார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். தூரில் சாறு கசிவதைக் கண்டால் காளான் முளைக்கும்வரை காத்திருக்காமல், அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ அணுகுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-1551-லும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.